மைல்ஸ் டேவிஸின் இரண்டாவது ஐவர் குழு: ஆறு ஆண்டுகளில் எதை விட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பிறந்தது 1926 மே 26-இல். நூற்றாண்டை ஒட்டி அவரைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் 1959-இல் வெளிவந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் தொடங்குகிறார்கள். சாந்தமான, அவசரமில்லாத இசை. ஜாஸ் பழக்கமே இல்லாதவருக்கும் பிடித்துவிடும். அடுத்து எதைக் கேட்பது என்று தேடினால் ‘இரண்டாவது மகத்தான ஐவர் குழு’ என்ற பெயர் வந்து நிற்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு தட்டில் பழைய பாடல்கள் தலைதெறிக்கும் வேகத்தில் ஓடுகின்றன. இன்னொன்றில் பியானோ நிமிடக்கணக்கில் காணாமல் போகிறது. மூன்றாவதில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டை எட்டு நிமிடம் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. நான்காவதில் மின்பியானோ, மின்பேஸ், ராக் தாளம். எல்லாம் 1963-க்கும் 1968-க்கும் இடையில், கிட்டத்தட்ட அதே ஆட்கள் வாசித்தவை.

ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் மட்டும் இது விளங்கிவிடாது. ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் குழு ஜாஸின் வழக்கங்களில் ஒன்றைக் கைவிட்டது. அதே சமயம் இன்னொன்றை முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. எது போயிற்று, எது நின்றது என்று கவனித்தால் கட்டங்கள் தாமாகப் பிரிந்து தெரியும்.

முதலில் ஐந்து சொற்கள்

1. மெட்டு: பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வாசிக்கப்படும், முன்கூட்டியே எழுதப்பட்ட இசை. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இதைச் சேர்ந்து வாசிப்பது வழக்கம்.

2. சுற்று: மெட்டின் நீளம், பெரும்பாலும் 12, 16 அல்லது 32 பார்கள் (பார் என்பது தாளத்தின் சிறு அலகு, பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை). மெட்டு முடிந்தபின் ஒவ்வொருவரும் சோலோ (தன் முறை வரும்போது கற்பனையாக வாசிப்பது) வாசிக்கும்போதும் இதே நீளம்தான் பின்னால் மறுபடி மறுபடி ஓடும். கேட்பவர் காதில் விழாவிட்டாலும் வாசிப்பவர் மனத்தில் அது எண்ணிக்கொண்டே இருக்கும்.

3. கார்ட்: பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்கு. ஒரு சுற்றுக்குள் கார்டுகள் குறிப்பிட்ட வரிசையில் மாறும். சோலோ வாசிப்பவர் அந்த வரிசைக்குப் பொருந்தும்படி சுரங்களைத் தேர்ந்தெடுப்பார். வழக்கமான ஜாஸ் கற்பனையின் இலக்கணமே இதுதான்.

4. துடிப்பு: சீராக ஓடும் கால அளவு. பேஸ் ஒரு பாருக்கு நான்கு சுரம் நடக்கும். டிரம்ஸில் பெரிய சிம்பல் அதைப் பிரித்துச் சொல்லும்.

5. ரிதம் செக்‌ஷன்: பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்தது. வழக்கப்படி இவர்கள் பின்னணி. முன்னால் நிற்பவை ஊதும் கருவிகள் இரண்டும்.

கார்ட், சுற்று, துடிப்பு, மெட்டு, யார் முன் யார் பின் என்ற வரிசை: இந்த ஐந்தில்தான் குழு ஒவ்வொன்றாகக் கைவைத்தது.

எந்த ஐவர்?

மைல்ஸுக்கு இரண்டு புகழ்பெற்ற ஐவர் குழுக்கள் உண்டு. முதலாவது 1955-இல் சேர்ந்தது: ஜான் கோல்ட்ரேன், ரெட் கார்லண்ட், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ். ‘பிரெஸ்டீஜ்’ நிறுவனத்துக்குத் தர வேண்டிய ஆல்பப் பாக்கியைத் தீர்க்க 1956-இல் மே 11, அக்டோபர் 26 என்று இரண்டே நாளில் நான்கு ஆல்பங்களுக்கான பாடல்களைப் பதிந்து தள்ளிய குழு அது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஐவர் குழுவின் தட்டே அல்ல. அதில் ஆறு பேர்.

நம் விஷயம் இரண்டாவது குழு. 1963 தொடக்கத்தில் பழைய ரிதம் செக்‌ஷன் பிரிந்து போக, மைல்ஸ் புதிதாக ஆள் தேடினார். ரான் கார்ட்டர் பேஸுக்கு வந்தார். ஹெர்பி ஹான்காக் பியானோவுக்கு. பதினொரு வயதில் சிகாகோ சிம்பனியுடன் மொசார்ட் வாசித்தவர். டிரம்ஸுக்கு பாஸ்டனில் வளர்ந்த டோனி வில்லியம்ஸ். சேரும்போது வயது பதினேழு. மைல்ஸுக்கு அப்போது முப்பத்தேழை நெருங்கிக்கொண்டிருந்தது. டெனர் சாக்ஸபோனில் ஜார்ஜ் கோல்மன். ஐந்தாம் இடத்துக்கு உரியவரான சாக்ஸபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர் 1964 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தார். அதனால் ‘இரண்டாவது குழு’ என்று சிலர் 1963-இலிருந்தும் சிலர் 1964-இலிருந்தும் கணக்கிடுகிறார்கள். ரிதம் செக்‌ஷன் பேரில் பார்த்தால் 1963 சரி. ஷார்ட்டர் எழுதிய பாடல்கள் பேரில் பார்த்தால் 1964.

முதல் கட்டம், 1963–64: பாட்டு பழசு, காலம் புதுசு

இந்தக் கட்டத்தில் மேடையில் வாசித்தது பெரும்பாலும் பழைய சரக்கு: ‘மை ஃபன்னி வேலன்டைன்’, ‘ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்’, ‘ஆட்டம் லீவ்ஸ்’, ‘சோ வாட்’, ‘வாக்கின்’. சுற்றும் கார்ட் வரிசையும் அப்படியே. மாறியது காலத்தை நடத்தும் விதம்.

1964 பிப்ரவரி 12-இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் நடந்த நிகழ்ச்சியைக் கேட்டால் இது பளிச்சென்று தெரியும். மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு நிதி திரட்ட நடந்த நிகழ்ச்சி அது. பணம் வாங்காமல் வாசிக்க வேண்டும் என்பதில் குழுவுக்குள் முன்னதாகவே வாக்குவாதம் இருந்தது. அந்தச் சூடு வாசிப்பிலும் ஏறியது என்று சொல்வார்கள். கொலம்பியா நிறுவனம் மெதுவான, நடுத்தர வேகப் பாடல்களை ‘மை ஃபன்னி வேலன்டைன்’ என்றும் வேகமானவற்றை ‘ஃபோர் அண்ட் மோர்’ என்றும் இரண்டு ஆல்பமாகப் பிரித்து வெளியிட்டது. ஒரே இரவின் இசை இரண்டு தனித்தனிக் குணத்தோடு தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

‘ஃபோர் அண்ட் மோர்’ ஆல்பத்தில் உள்ள ‘சோ வாட்’டை 1959 பதிவோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கிட்டத்தட்ட இரு மடங்கு வேகம். ‘ஸ்டெல்லா’வில் நடப்பது இன்னும் நுட்பம். துடிப்பு இல்லாமல் டிரம்பெட்டும் பியானோவும் தொடங்குகின்றன. பேஸ் பாருக்கு இரண்டு சுரம் நடக்கிறது. டிரம்பெட் ஓரிடத்தில் உயரச் சுரத்தை அழுத்த, அடுத்த நொடியே மூவரும் முழு நடைக்குத் தாவுகிறார்கள். பிறகு மறுபடி தளர்கிறார்கள். யாரும் கை காட்டவில்லை, எழுதி வைக்கவும் இல்லை. கார்ட் வரிசை உறுதியாக இருந்ததால்தான் காலத்தை இப்படி இழுக்கவும் சுருக்கவும் முடிந்தது.

கோல்மன் தேர்ந்த சாக்ஸ் கலைஞர். கார்டுகளை ஒன்றுவிடாமல் சுத்தமாக வாசிப்பார். மற்ற மூன்று இளைஞர்களுக்கு, குறிப்பாக வில்லியம்ஸுக்கு, அந்தச் சுத்தமே உறுத்தியது. 1964 நடுவில் கோல்மன் விலகினார். ஜூலையில் ஜப்பான் பயணத்துக்கு சாம் ரிவர்ஸ் வந்தார்; இவர் அதற்கு நேர்மாறு, மைல்ஸின் விருப்பத்தையும் தாண்டிப் போகிறவர். பிறகு டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவிலிருந்து ஷார்ட்டர் வந்ததும் தேடல் நின்றது.

என் கணிப்பில், கோல்மன் இருந்த காலத்தை ‘முன்னோட்டம்’ என்று ஒதுக்குவது அநியாயம். பழைய ஜாஸ் இலக்கணத்துக்குள் இருந்துகொண்டே இதைவிடத் துணிந்து வாசித்த குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாம் கட்டம், 1965: ஸ்டுடியோவில் ஒரு குழு, மேடையில் வேறொரு குழு

1965 ஜனவரி 20 முதல் 22 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் பதிந்த ‘ஈ.எஸ்.பி.’ ஐவரும் சேர்ந்து ஸ்டுடியோவில் செய்த முதல் ஆல்பம். ஏழு பாடல்களும் குழுவுக்குள்ளேயே எழுதப்பட்டவை. பழைய பாடல் ஒன்றுகூட இல்லை. மைல்ஸ் பெயர் இருப்பது ‘அஜிட்டேஷன்’ என்ற ஒன்றில் தனியாகவும், கார்ட்டருடன் பங்கு போட்டு இரண்டிலும். தலைவர் தன் குழுவையே எழுத்தாளர் கூட்டமாக மாற்றத் தொடங்கியது இங்கேதான். ‘எய்ட்டி-ஒன்’ பாடலில் நேர்த்தாளமும் (சம இடைவெளியில் விழும் ராக் பாணி நடை) ஸ்விங் தாளமும் (ஜாஸுக்கே உரிய துள்ளல் நடை) மாறி மாறி வருவதைக் கவனித்தால் 1968-இன் விதை அப்போதே போடப்பட்டிருப்பது தெரியும்.

அதன்பிறகு நீண்ட இடைவெளி. ஏப்ரலில் மைல்ஸுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. தேறி வரும்போது விழுந்து மறுபடி காயம். நவம்பரில்தான் மேடைக்குத் திரும்பினார். டிசம்பர் 22, 23 இரு நாளும் சிகாகோவில் ‘பிளக்ட் நிக்கல்’ என்ற கிளப்பில் வாசித்ததை கொலம்பியா ஒலிப்பதிவு செய்தது. மொத்தம் ஏழு அமர்வுகள்.

அங்கே நடந்ததை ஹான்காக் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சிகாகோவுக்குக் கிளம்பும்போது டோனி வில்லியம்ஸ் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் தன்னிடம் எதிர்பார்க்கப்படுவதற்கு நேர் எதிரானதை வாசிப்போம். சோலோ உச்சத்துக்கு ஏறினால் பின்னணி பொங்கி எழ வேண்டும் என்பது வழக்கம், அங்கே அடங்கிவிடுவோம். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் கிளப்புவோம். எதிர்-இசை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மைல்ஸுக்கு இதைச் சொல்லவில்லை. வந்து பார்த்தால் ஒலிப்பதிவுக் கருவிகள் தயாராக நின்றன. பின்வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். மைல்ஸும் என்ன நடக்கிறது என்று கேட்காமலே உள்ளே இறங்கிவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது பாடல் பட்டியல். ‘ஈ.எஸ்.பி.’யின் புதிய பாடல்களில் ‘அஜிட்டேஷன்’ ஒன்றுதான் மேடையேறியது. மற்றபடி ‘இஃப் ஐ வேர் எ பெல்’, ‘ஸ்டெல்லா’, ‘வாக்கின்’, ‘ரவுண்ட் மிட்நைட்’ என்று பத்து வருடப் பழைய பாடல்களே. இது பிற்போக்கு அல்ல. ஐவருக்கும் தூக்கத்தில்கூடத் தெரிந்த பாடல்களாக இருந்ததால்தான் அவற்றை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்ற முடிந்தது. சுற்று இருக்கிறது, ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஐந்து பேரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, வெளியே வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள்.

மைல்ஸின் வாசிப்பு இந்தப் பதிவுகளில் சில இடங்களில் தடுமாறுகிறது. மாதக்கணக்கில் வாசிக்காததால் உதடு பழக்கம் விட்டிருந்தது. அந்த இடைவெளிகளை ஷார்ட்டர் நிரப்புகிறார். சாக்ஸபோனில் இவ்வளவு விசித்திரமான, இவ்வளவு தர்க்கமான சோலோக்கள் வேறு எங்கும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை.

மூன்றாம் கட்டம், 1966 முதல் 1967 கோடை வரை: கார்ட் போனது, துடிப்பு நின்றது

1966 அக்டோபர் 24, 25 தேதிகளில் நியூயார்க்கில் பதிந்த ‘மைல்ஸ் ஸ்மைல்ஸ்’ பெயருக்கேற்ப சிரிக்கிற மைல்ஸை அட்டையில் காட்டுகிறது. அவர் அட்டைகளில் இது அபூர்வம்.

இந்த ஆல்பத்தில் முடிவானது இதுதான்: மெட்டு வாசிக்கப்படும், அது முடிந்ததும் பல பாடல்களில் கார்ட் வரிசையும் அதோடு போய்விடும். மிஞ்சுவது துடிப்பும் மெட்டின் சாயலும் மட்டுமே. ‘காலம் உண்டு, கார்ட் மாற்றம் இல்லை’ என்று ஜாஸ் கலைஞர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். சோலோ வாசிப்பவர் ஒரு சுரக்கூட்டத்தில் நிற்கலாம், நகரலாம்; பேஸ் காதால் பின்தொடரும் அல்லது வேண்டுமென்றே எதிர்த்திசையில் போகும்.

பியானோ காணாமல் போவதற்குக் காரணமும் இதுவே. கார்டுகளைச் சொல்வதுதான் பியானோவின் பின்னணி வேலை. கார்டே இல்லை என்றால் சொல்ல என்ன இருக்கிறது? ‘ஆர்பிட்ஸ்’, ‘டொலோரஸ்’, ‘ஜிஞ்சர்பிரெட் பாய்’ மூன்றிலும் டிரம்பெட், சாக்ஸ் சோலோக்களின் பின்னால் ஹான்காக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தன் முறை வரும்போதும் வலக்கையால் ஒற்றை வரி மட்டும் வாசிக்கிறார், மூன்றாவது ஊதுகருவி மாதிரி. ஒலிப்பதிவுக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தக் கட்டத்தைப் புரிந்துகொள்ள மிக நல்ல வழி, ஒரே பாடலின் இரண்டு பதிவுகள். ஷார்ட்டர் எழுதிய ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ முதலில் 1966 பிப்ரவரியில் அவருடைய சொந்த ஆல்பமான ‘ஆடம்ஸ் ஆப்பிள்’ பதிவின்போது வாசிக்கப்பட்டது. ஹான்காக் அதிலும் இருக்கிறார். பேஸும் டிரம்ஸும் வேறு ஆட்கள். ஆறு எண்ணிக்கைத் தாளம், மெல்லிய நடை, கார்டுகள் அதனதன் இடத்தில். எட்டு மாதம் கழித்து ‘மைல்ஸ் ஸ்மைல்ஸ்’ பதிவில் அதே மெட்டு வேகமெடுத்துவிட்டது. கார்ட்டர் பேஸில் அதே வட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, வில்லியம்ஸ் ஆறைச் சட்டென்று நான்காக மாற்றுகிறார், திரும்ப ஆறுக்கு வருகிறார். ஒரே நீளத்தை இரண்டு விதமாகப் பங்கிடும் கணக்கு அது. பாட்டு வேகம் மாறாமலே வேகம் மாறியதுபோல் தோன்றும். பேஸ் சிறிது நேரம் பழைய நடையிலேயே நின்றுவிட்டு, பிறகு டிரம்ஸின் பக்கம் தாவும். முதல் பதிவைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்டால் மைல்ஸ் குழுவின் பங்கு என்ன, ஷார்ட்டரின் பங்கு என்ன என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

இன்னொரு உதாரணம், எடி ஹாரிஸ் எழுதிய ‘ஃப்ரீடம் ஜாஸ் டான்ஸ்’. மூலத்தில் மெட்டு இடைவிடாமல் ஓடும். மைல்ஸ் ஒவ்வொரு வரிக்கும் இடையில் காலி பார்களைச் செருகினார். அந்த இடைவெளியில் ரிதம் செக்‌ஷன் பேசுகிறது. ஒரு சுரம்கூடப் புதிதாக எழுதாமல் பாட்டையே வேறாக்கிவிட்டார். இந்தப் பதிவின் ஒத்திகை உரையாடல்கள் 2016-இல் வெளியான தொகுப்பில் இருக்கின்றன. மைல்ஸ் எவ்வளவு குறைவாகப் பேசி எவ்வளவு மாற்றுகிறார் என்பதை அதில் கேட்கலாம்.

1967 மே மாதம் பதிந்த ‘சார்சரர்’ இதே வழியில் இன்னும் நிதானமாக, இன்னும் இருட்டாகப் போகிறது. ஏழு பாடல்களில் நான்கு ஷார்ட்டருடையவை. வில்லியம்ஸ் எழுதிய ‘பீ வீ’யில் மைல்ஸ் வாசிக்கவே இல்லை. கடைசியில் 1962-இல் பதிந்த ஒரு பாடலைக் காரணமில்லாமல் ஒட்டவைத்திருக்கிறார்கள். அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

நான்காம் கட்டம், 1967 ஜூன்–ஜூலை: சோலோவும் போனது

1967 ஜூன் 7-இல் பதிவான ‘நெஃபர்டிட்டி’, அதே பெயருள்ள ஆல்பத்தின் முதல் பாடல். பதினாறு பார் கொண்ட, வழுக்கிக்கொண்டு போகிற ஷார்ட்டரின் மெட்டு. டிரம்பெட்டும் சாக்ஸும் அதை வாசிக்கின்றன. முடிந்ததும் மறுபடி. மறுபடியும். எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாட்டில் அவை செய்வது இது மட்டுமே. சோலோ கிடையாது.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவருக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் நிறுத்திக்கொண்டு மிருதங்கத்துக்கு வழிவிடுவார். இங்கே பாடகர் பல்லவி வரியை விடாமல் பாடிக்கொண்டே இருக்க, அதன் அடியிலேயே தனி நடக்கிறது. டோனி வில்லியம்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் வேறு கதை சொல்கிறார். ஓரிடத்தில் தூறல், இன்னோரிடத்தில் ஸ்நேரும் சிம்பலும் சேர்ந்த இடிமழை. ஹான்காக்கும் கார்ட்டரும் அவரோடு ஏறி இறங்குகிறார்கள். மேலே மெட்டு மட்டும் அசைவதில்லை. அதுவும் முழுக்க அப்படி அல்ல: போகப் போக டிரம்பெட்டும் சாக்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி, ஒரே வரி எதிரொலிபோல் கேட்கத் தொடங்குகிறது.

முன் பின் வரிசை இங்கே தலைகீழானது. மூன்றாம் கட்டத்தில் கார்டை விட்டவர்கள் துடிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான்காம் கட்டத்தில் சோலோவை விட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஆல்பம் முழுக்க இப்படி இல்லை, ‘ஹேண்ட் ஜைவ்’, ‘ரயட்’ எல்லாம் பழைய வழிதான். ஆனால் ‘ஃபால்’ பாடலிலும் மெட்டு சோலோக்களுக்கு நடுவே வந்து வந்து போகிறது.

ஜூலை 17-இல் முதல் குழுவின் சாக்ஸ் கலைஞர் கோல்ட்ரேன் இறந்தார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 19-இல், இந்தக் குழு ஸ்டுடியோவில் இருந்து ஆல்பத்தை முடித்தது. மைல்ஸ் முழுக்க மின்கருவி இல்லாமல் செய்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இது. ‘சார்சரர்’, ‘நெஃபர்டிட்டி’ இரண்டிலும் அவர் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஐரோப்பா சுற்றுப்பயணம். ஆண்ட்வெர்ப், ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், பாரிஸ், கார்ல்ஸ்ரூ நிகழ்ச்சிகளின் பதிவுகள் 2011-இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தன. 1965-இல் பிரிந்து கிடந்த ஸ்டுடியோவும் மேடையும் இங்கே ஒன்று சேர்கின்றன. ‘ஃபுட்பிரின்ட்ஸ்’, ‘மாஸ்குவாலெரோ’, ‘ரயட்’ ஆகியவை ‘ரவுண்ட் மிட்நைட்’, ‘வாக்கின்’ பக்கத்தில் வருகின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறுத்தம் இல்லை. மைல்ஸ் அடுத்த பாட்டின் ஓரிரு சுரத்தை வாசித்தால் போதும், மற்ற நால்வரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். முழுக் கச்சேரியும் ஒரே பாட்டு.

ஐந்தாம் கட்டம், 1967 டிசம்பர் முதல் 1968 செப்டம்பர் வரை: மின்சாரம்

இது ஒரே நாளில் நடந்த திருப்பம் அல்ல. படிகளை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. 1967 டிசம்பர் 4: ‘சர்க்கிள் இன் த ரவுண்ட்’. ஜோ பெக்கின் மின்கிட்டார் சேர்கிறது. ஹான்காக் வாசிப்பது செலெஸ்டா, மணியோசை தரும் சிறு கீபோர்டு கருவி.

2. 1968 ஜனவரி 16: ‘பேராஃபர்னேலியா’. கிட்டாருக்கு ஜார்ஜ் பென்சன்.

3. 1968 மே 17: ‘ஸ்டஃப்’. ஹான்காக் மின்பியானோவில், கார்ட்டர் மின்பேஸில். நேரான ராக் துடிப்பு.

4. 1968 ஜூன்: ‘ஃபீய் த கிளிமஞ்சாரோ’ ஆல்பத்தின் மூன்று பாடல்கள்.

5. 1968 செப்டம்பர் 24: அதே ஆல்பத்தின் மீதி இரண்டு பாடல்கள். பியானோவில் சிக் கொரியா, பேஸில் டேவ் ஹாலண்ட். குழு ஐவர்தான், ஆனால் பழைய ஐவர் இல்லை.

மின்பியானோவுக்கு மாறிய கதையையும் ஹான்காக்கே சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோவுக்குள் வந்தவர் வழக்கமான பியானோவைத் தேடினார், இல்லை. மூலையில் இருந்த மின்பியானோவைக் காட்டி அதை வாசிக்கச் சொன்னார் மைல்ஸ். அதுவரை அதை ஒரு பொம்மையாகத்தான் ஹான்காக் நினைத்திருந்தார். கை வைத்துப் பார்த்ததும் ஒலி பிடித்துவிட்டது.

ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும் அதே விதியைக் கவனியுங்கள். இப்போது விடப்பட்டது ஸ்விங் நடை. பேஸ் நான்கு நான்காக நடப்பது நின்று, திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு வட்டத்தில் அமர்ந்துவிடுகிறது. பிடிக்கப்பட்டது அந்த வட்டம். ‘ஸ்டஃப்’ பாடலின் முதல் பல நிமிடங்கள் மெட்டு மட்டுமே சுழல்வது ‘நெஃபர்டிட்டி’யின் நேரடித் தொடர்ச்சி. ஆனால் அங்கே மெட்டின் அடியில் டிரம்ஸ் கட்டவிழ்ந்து கிடந்தது. இங்கே டிரம்ஸ் பெரும்பாலும் கட்டுக்குள். நான்கு ஆண்டுகளாகக் குழுவை முன்னால் தள்ளிக்கொண்டு போன வில்லியம்ஸின் இடம் சுருங்கத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். குழு ஏன் நீடிக்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

‘ஸ்டஃப்’ இடம்பெற்ற ‘மைல்ஸ் இன் த ஸ்கை’ சமனில்லாத ஆல்பம். ஒரு பாதி பழைய வீட்டிலும் மறு பாதி புது வீட்டிலும் இருக்கிறது. ‘ஃபீய் த கிளிமஞ்சாரோ’ அப்படி அல்ல. அதில் இசை அமைப்பாளர் கில் எவான்ஸின் கையும் உண்டு, அட்டையில் பெயர் இல்லாவிட்டாலும். மெதுவான பேஸ் வட்டத்தின் மேல் நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும் இசை.

பிரிவு சத்தமில்லாமல் நடந்தது. கார்ட்டருக்கு மின்பேஸிலும் ஓயாத பயணத்திலும் நாட்டம் இல்லை. முதலில் விலகியவர் அவர். ஹான்காக் 1968-இல் திருமணம் முடித்து பிரேசில் போன இடத்தில் உடல்நலம் கெட்டுத் திரும்பத் தாமதமானது. அதற்குள் அவர் இடத்தில் கொரியா. வில்லியம்ஸ் 1969-இல் தன் ‘லைஃப்டைம்’ குழுவைத் தொடங்கினார். ஷார்ட்டர் மட்டும் 1970 தொடக்கம் வரை நின்றார்.

அடிக்கடி வரும் மூன்று தவறான எண்ணங்கள்

1. “இது ஃப்ரீ ஜாஸ்,” அதாவது கார்ட், சுற்று, துடிப்பு எதற்கும் கட்டுப்படாத ஜாஸ். இல்லை. 1959-இலேயே ஆர்னெட் கோல்மன் (வேறொரு சாக்ஸ் கலைஞர், ஜார்ஜ் கோல்மன் அல்ல) கார்ட் வரிசையைக் கைவிட்டுவிட்டார், மைல்ஸ் அதை வெளிப்படையாகக் கிண்டலும் செய்தார். பிறகு அவருடைய குழுவும் அதே எல்லைக்கு வந்தது உண்மை. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அவிழ்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அவிழ்த்த இடம் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லை. ஹான்காக் இதைக் கட்டுப்பாட்டோடு கூடிய சுதந்திரம் என்பார்.

2. “எல்லாம் மைல்ஸின் சிந்தனை.” பாடல்களில் பெரும்பங்கு ஷார்ட்டருடையது, தாளப் புதுமை வில்லியம்ஸுடையது. மைல்ஸின் பங்கு தேர்வும் வெட்டும்: கொண்டுவந்த பாடலில் எதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்வது. இவர்களில் சிலர் அதே ஆண்டுகளில் ‘ப்ளூ நோட்’ நிறுவனத்துக்குச் செய்த ஆல்பங்கள், உதாரணமாக ஹான்காக்கின் 1965 ‘மெய்டன் வாயேஜ்’, அருமையானவை. ஆனால் கார்டுகள் அங்கே பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன. அந்த வித்தியாசம்தான் மைல்ஸ்.

3. “மின்சாரம் மைல்ஸின் பிந்தைய ஆல்பமான ‘பிச்சஸ் ப்ரூ’வில் வந்தது.” அது 1969 ஆகஸ்ட். அதற்கு இருபது மாதம் முன்பே இந்தக் குழு மின்கிட்டாரைச் சேர்த்துவிட்டது.

விளைவுகள்

1970-களின் மின் ஜாஸ் குழுக்களில் முக்கியமான மூன்றின் வேர் இங்கே இருக்கிறது: ஷார்ட்டர் பங்கேற்ற ‘வெதர் ரிப்போர்ட்’, ஹான்காக்கின் ‘ஹெட்ஹண்டர்ஸ்’, வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’. விசித்திரம் என்னவென்றால், அதற்கு எதிராக எழுந்த மரபு மீட்பு அலைக்கும் இதே குழுதான் முன்மாதிரி. 1976-இல் மைல்ஸ் ஒதுங்கியிருந்தபோது மற்ற நால்வரும் டிரம்பெட்டுக்கு ஃப்ரெடி ஹப்பர்டை வைத்துக்கொண்டு ‘வி.எஸ்.ஓ.பி.’ என்ற பெயரில் வாசித்தார்கள். அந்த அலையின் முகமான டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சலிஸ் 1981-இல் பதிந்த முதல் ஆல்பத்தின் சில பாடல்களில் ஹான்காக், கார்ட்டர், வில்லியம்ஸ் மூவருமே உடன் வாசித்தார்கள். மரபு மீட்பு அலைக்காரர்கள் எடுத்துக்கொண்டது முதல் மூன்று கட்டங்களை. ஐந்தாவதை ஓரமாக வைத்துவிட்டார்கள். ‘நெஃபர்டிட்டி’யில் செய்ததை முழுமூச்சாகத் தொடர்ந்தவர்கள் இரு பக்கமும் குறைவு.

எந்த வரிசையில் கேட்பது

கால வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. ‘மை ஃபன்னி வேலன்டைன்’ ஆல்பத்தில் ‘ஸ்டெல்லா’ முதலில். அடுத்து ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ பதிவுகள் இரண்டும் அடுத்தடுத்து. பிறகு ‘நெஃபர்டிட்டி’ பாடல், அப்போது டிரம்ஸை மட்டும் கேளுங்கள். அது பிடிபட்டால் ‘ஃபீய் த கிளிமஞ்சாரோ’ முழுதும். ‘பிளக்ட் நிக்கல்’ பதிவுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது: 1956-இல் முதல் குழு வாசித்த ‘இஃப் ஐ வேர் எ பெல்’லைச் சில முறை கேட்டு மெட்டு வாய்க்கு வந்தபின், சிகாகோவில் அதே பாட்டை எடுக்கலாம். சுற்றை நீங்களும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போனால், ஐவரில் யார் எந்த இடத்தில் வழக்கத்தை மீறுகிறார் என்பது பிடிபடும்.